காற்றா, கம்பியா? ஒரு பழைய ஹெரால்ட் கேட்ட கேள்வி

போன பொங்கல் விடுமுறையில் எங்கள் வீட்டில் ஒரு சண்டை. சொத்துச் சண்டை இல்லை, ஸ்பிரிங் சண்டை! தாத்தா விட்டுப்போன 1967ஆம் வருடத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஒன்று மேட்டூரில் மாமா வீட்டுக் கொட்டகையில் பல வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கதவு, வெள்ளை நிறம், உள்ளே எலிக் குடும்பம். அதை எழுப்பி ஓட்டவைப்பது என்று மாமா முடிவு செய்துவிட்டார். எஞ்சின் வேலை முடிந்தது. பிரேக் வேலையும் முடிந்தது. அடுத்து சஸ்பென்ஷன். அங்கேதான் வந்தது வினை.

பெங்களூரில் வேலை பார்க்கும் மாமா பையன் "ஏர் சஸ்பென்ஷன் போடலாம்ப்பா. பட்டனை அழுத்தினா வண்டி உட்காரும், அழுத்தினா எந்திரிக்கும்" என்றான். மாமாவுக்கோ வண்டி வளைவுகளில் ஒட்டிக்கொண்டு ஓடவேண்டும். "காயில் ஓவர் போதும்டா" என்றார். நடுவில் என்னைப் பிடித்து, "மாப்ள, நீ படிச்சவன்தானே, நீ சொல்லு" என்று கேட்டார்கள். நான் படிப்பது வரலாறு என்பதை இருவரும் மறந்துவிட்டார்கள் :-)

சரி, வரலாற்று மாணவனிடம் கேட்டால் வரலாறுதானே பதிலாக வரும்? விடுமுறை முழுக்கப் படித்ததையும், ரூம்மேட் (மெக்கானிக்கல்) தலையில் அடித்துக்கொண்டு விளக்கியதையும் சேர்த்து எழுதியதுதான் இந்தக் கட்டுரை. காரே பிடிக்காதவர்களும் படிக்கலாம். ஏனென்றால் இது நாம் தினமும் குலுங்கிக்கொண்டு போகும் பஸ்ஸின் கதையும்கூட.

வில் வண்டியிலிருந்து ஆரம்பிப்போம்

நம் ஊரில் மாட்டு வண்டிகளில் இரண்டு சாதி உண்டு. நெல், கரும்பு ஏற்றும் கட்டை வண்டிக்கு ஸ்பிரிங் கிடையாது. அச்சின் மேலேயே பாரம் உட்காரும். பெரிய வீட்டுக்காரர்கள் போகும் கூண்டு வண்டிக்குப் பெயரே 'வில் வண்டி'. வில்லைப்போல வளைந்த இரும்புப் பட்டைகள் மேல் கூண்டு உட்கார்ந்திருக்கும். சஸ்பென்ஷன் என்ற நவீன விஷயத்துக்கு நம் தாத்தாக்கள் எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள் பாருங்கள்.

இந்தப் பட்டை ஸ்பிரிங்கை இங்கிலாந்தில் ஒபதையா எலியட் என்ற வண்டி செய்பவர் 1804ல் நீள்வட்ட வடிவில் அமைத்துக் காப்புரிமை வாங்கினார். குதிரை வண்டிகள் இலகுவாயின. நூறு வருடம் கழித்துக் கார்கள் வந்தபோது அதே பட்டையைத்தான் எடுத்துக்கொண்டன. இன்றைக்கும் சங்ககிரி, நாமக்கல் பக்கம் எந்த லாரியின் அடியில் குனிந்து பார்த்தாலும் அந்த வில் தெரியும். மலிவு, உறுதி, உடைந்தால் ஒரு பட்டையை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பலாம். ஆனால் பட்டைகள் ஒன்றோடொன்று உரசும், கனமும் அதிகம்.

கம்பியைச் சுருட்டினால் அதே வேலையை இன்னும் குறைந்த எடையில் செய்யும். அதுதான் சுருள் ஸ்பிரிங், அதாவது காயில். ஆனால் காயிலுக்கு ஒரு குறை. பட்டை அச்சை இடத்தில் பிடித்தும் வைத்துக்கொள்ளும். காயிலால் அது முடியாது, மேலும் கீழும் ஆட மட்டுமே தெரியும். சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள தனியாகக் கைகள் வேண்டும். ஆட்டத்தை அடக்க ஷாக் அப்சார்பர் வேண்டும். அந்த ஷாக்கைக் காயிலின் நடுவிலேயே நுழைத்து இரண்டையும் ஒரே உருப்படியாக்கினால் அதுதான் காயில் ஓவர். அடியில் மரை போட்ட வளையம் ஒன்று இருந்தால் அதைத் திருகி உயரத்தையும் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம்.

மதராஸ் காரின் மூக்குக்குள்

1960களின் இந்தியாவில் புதுக் கார் வாங்கப் போனால் முக்கியமாக மூன்றுதான். கல்கத்தாவின் அம்பாசடர், பம்பாயின் ஃபியட் 1100, மதராஸின் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். அம்பாசடருக்கு முன்னால் டார்ஷன் பார், அதாவது முறுகும் இரும்புத் தண்டு. பின்னால் பட்டை. ஃபியட்டுக்கு முன்னால் காயில், பின்னால் பட்டை.

நம்ம ஹெரால்ட் எப்படி? இங்கிலாந்தில் டிரையம்ப் நிறுவனம் 1959ல் வெளியிட்ட கார் அது. இத்தாலியின் மிக்கெலோட்டி வரைந்த உடல். சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் 1961லிருந்து இங்கே தயாரானது. ஹெரால்டின் பானெட் மற்ற கார்களைப்போல மூடி மட்டும் திறக்காது. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்த்து முழு மூக்கும் முன்னால் சாயும். அப்படிச் சாய்த்துவிட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் பளிச்சென்று தெரிவது எது? காயிலுக்குள் ஷாக்! அதாவது, காயில் ஓவர்.

முதல் தடவை பார்த்தபோது நானும் மாமாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வெளியே தேடிக்கொண்டிருந்த சாமான் ஐம்பது வருடத்துக்கு மேலாகக் கொட்டகைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

இந்த முன்பக்க அமைப்பு சாதாரணமானதும் இல்லை. டிரையம்ப் காரின் முன்சக்கரத் தாங்கியை லோட்டஸ் போன்ற பிரிட்டிஷ் கம்பெனிகள் தங்கள் வண்டிகளுக்கு வாங்கிப் பயன்படுத்தின. நம் ஹெரால்டின் எஞ்சினோ 948 சிசி, நாற்பது குதிரைசக்தி கூடக் கிடையாது. 'பெர்ஃபார்மன்ஸ் கார்' என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் அன்றைய இந்தியாவில் பந்தயம் ஓட்ட ஆசைப்பட்டவனுக்கு வேறு என்ன இருந்தது? சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில், 1953ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்கள் நடத்தியது. உள்ளூர்க் கார்கள் பிரிவில் ஃபியட்டுகளோடு ஹெரால்டுகளும் ஓடின. 1990ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தடம் வரும்வரை தமிழ்நாட்டுப் பந்தயத்தின் முகவரி சோழவரம்தான்.

காற்று எங்கிருந்து வந்தது?

காற்றை அடைத்து ஸ்பிரிங் ஆக்கும் யோசனைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. ஆனால் நல்ல ரப்பர் பை கிடைக்கும்வரை அது காகிதத்திலேயே இருந்தது. 1930களில் அமெரிக்காவின் ஃபயர்ஸ்டோன் டயர் கம்பெனி இதில் இறங்கியது. 1953ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பேருந்துகளில் ஏர் சஸ்பென்ஷனைக் கொண்டுவந்தது. அடுத்த வருடம் கிரேஹவுண்ட் கம்பெனியின் புகழ்பெற்ற சீனிக்ரூசர் பேருந்தும் காற்றின் மேல் ஓடியது.

ஏன் முதலில் பேருந்து? இங்கேதான் முழுக் கட்டுரையின் சாவியும் இருக்கிறது. காலியான டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து மேச்சேரியிலிருந்து ஓமலூர் போயிருக்கிறீர்களா? தலை கூரையில் முட்டும். அதே பஸ் புட்போர்டு வரை நிறைந்திருந்தால் தொட்டில் மாதிரி ஆடும். பஸ் ஒன்றுதான், ரோடும் ஒன்றுதான். ஏன் இந்த வித்தியாசம்?

இரும்பு ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாது. நிறைந்த பஸ்ஸைத் தாங்கும் விறைப்பில்தான் அதைச் செய்தாகவேண்டும். பாரம் குறைந்தால் அந்த விறைப்பு அதிகப்படி, எனவே துள்ளும். ரூம்மேட் கணக்குப் போட்டுக் காட்டினான். பத்து டன் எடையுள்ள காலி லாரி, சரக்கோடு இருபத்தைந்து டன் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை இரண்டரை மடங்கு. ஸ்பிரிங் ஆடும் வேகம் எடையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. எனவே காலி லாரி, நிறைந்த லாரியைவிட சுமார் 1.6 மடங்கு வேகமாக உதறும். நாமக்கல் முட்டை லாரிக்காரர் அட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அவர் இடுப்பு ஏன் வலிக்கிறது என்பதற்கு இதுதான் கணக்கு.

காற்று ஸ்பிரிங் அப்படி இல்லை. பாரம் ஏறி வண்டி கொஞ்சம் தாழ்ந்ததும் லெவலிங் வால்வ் திறந்து பைக்குள் கூடுதல் காற்றை அனுப்பும். உயரம் பழைய இடத்துக்கு வரும். பாரம் இரட்டித்தால் அழுத்தமும் இரட்டிக்கும், விறைப்பும் ஏறக்குறைய இரட்டிக்கும். இரண்டும் சேர்ந்தே ஏறுவதால் ஆடும் வேகம் மாறாது. காலியோ, கூட்டமோ, ஒரே மாதிரி சொகுசு.

இன்னொரு வசதியும் உண்டு. பெரிய பஸ், லாரிகளில் பிரேக்குக்காகவே கம்ப்ரசரும் காற்று டேங்க்கும் இருக்கின்றன. அந்தக் காற்றில் கொஞ்சத்தைச் சஸ்பென்ஷனுக்குத் திருப்பினால் போதும்.

நம் நாட்டுக்கு வோல்வோவின் பி7ஆர் பேருந்து 2001ல் வந்தபோது பெங்களூர், சென்னை போன்ற வழித்தடங்களில் ஏர் சஸ்பென்ஷன் பெரிய பேச்சானது. அப்புறம் சேலம், நாமக்கல் தனியார் பஸ்களின் நெற்றியில் 'ஏர் பஸ்' என்று எழுதும் பழக்கமும் பரவியது. (சின்ன வயதில் அது பறக்கும் என்று நம்பியவன் நான்.) சென்னை பாடியில் இருக்கும் வீல்ஸ் இந்தியா இந்தக் காற்று அமைப்புகளைத் தயாரிக்கிறது. பெரம்பூர் ஐ.சி.எஃப் தயாரிக்கும் புறநகர் மின்ரயில் பெட்டிகளிலும், 2019ல் ஓட ஆரம்பித்த வந்தே பாரத் ரயிலிலும் காற்று ஸ்பிரிங் உண்டு. 2024ல் சென்னை மாநகரில் வந்த தாழ்தளப் பேருந்துகள் நிறுத்தத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொடுப்பதும் இதே காற்றின் வேலைதான். சக்கர நாற்காலிக்காரர்களுக்கு அது சொகுசு இல்லை, உரிமை. ஆக, காற்றைக் குறை சொல்ல நான் வரவில்லை.

கார்களில் காற்று: ஒரு பெரிய ஆசை, ஒரு பெரிய ஏமாற்றம்

பஸ்ஸில் ஜெயித்ததும் கார் கம்பெனிகளுக்கு ஆசை வந்தது. 1957ல் காடிலாக் எல்டொராடோ புரோம் என்ற கார் நான்கு சக்கரத்திலும் காற்றோடு வந்தது. விலை 13,000 டாலருக்கு மேல், அன்றைய ரோல்ஸ் ராய்ஸோடு போட்டி போடும் விலை. 1958ல் செவர்லே வரை எல்லா ஜி.எம். கார்களிலும் கூடுதல் காசு கொடுத்தால் ஏர் சஸ்பென்ஷன் கிடைத்தது. ஃபோர்டும் பின்தொடர்ந்தது.

என்ன ஆயிற்று? காற்று கசிந்தது. இரவில் நிமிர்ந்து நின்ற கார் காலையில் தரையோடு படுத்துக் கிடந்தது. பல சொந்தக்காரர்கள் காற்றைக் கழற்றி எறிந்துவிட்டுச் சாதாரண காயில் மாட்டிக்கொண்டார்கள். இரண்டு மூன்று வருடத்தில் கம்பெனிகளும் கைவிட்டன. 1992ல் ரேஞ்ச் ரோவர் மின்னணுக் கட்டுப்பாட்டோடு ஏர் சஸ்பென்ஷன் கொண்டுவந்தபோதும் இதே கதை. வண்டி பழசான பிறகு காயிலுக்கு மாற்றும் கிட்கள் தனி வியாபாரமாகவே ஆகின. அதாவது, 'காற்றா காயிலா' என்று எங்கள் வீட்டில் நடந்த சண்டை அமெரிக்காவில் 1950களின் கடைசியிலேயே நடந்து முடிந்த சண்டை!

ஆனால் ஜெர்மன்காரர்கள் விடவில்லை. மெர்சிடிஸ் 1961ல் 300 எஸ்இ காரில் காற்றைக் கொண்டுவந்து ஒழுங்காகவும் செய்து காட்டியது. 1968ல் வந்த 300 எஸ்இஎல் 6.3 கார் 250 குதிரைசக்தி, மணிக்கு 220 கிலோமீட்டர், நான்கு பக்கமும் காற்று. இன்றைக்கும் அதை 'கிளாசிக்' என்று கும்பிடுபவர்கள் உண்டு. கம்பெனியே அடிப்படையிலிருந்து காற்றுக்காக வடிவமைத்தால் வேகமான காருக்கும் காற்று சரிப்படும் என்பதற்கு அது சாட்சி. கனமான, நீளமான, நான்கு பேரைச் சொகுசாக வைத்து வேகமாகப் போகவேண்டிய கார் அது என்பதையும் மறக்கக்கூடாது.

பிரெஞ்சுக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 1955ல் வந்த சித்ரோவன் டிஎஸ் காரில் உருண்டைக்குள் அடைத்த வாயுதான் ஸ்பிரிங், எண்ணெய் அதன் மேல் அழுத்தும். சொகுசு வண்டிதானே என்று நினைக்காதீர்கள். 1968 நவம்பரில் லண்டனிலிருந்து சிட்னிக்கு ஒரு மாரத்தான் ராலி கிளம்பியது. 98 வண்டிகள். பம்பாய் வரை சாலை, அங்கிருந்து கப்பலில் ஆஸ்திரேலியா. முடிவதற்குக் கொஞ்ச தூரம் முன்பு வரை முன்னணியில் இருந்தது லூசியன் பியாங்கியின் சித்ரோவன் டிஎஸ். எதிரே வந்த மினி ஒன்று மோத, எல்லாம் முடிந்தது. ஜெயித்தது ஆண்ட்ரூ கவனின் ஹில்மன் ஹன்டர். முன்னால் காயில், பின்னால் நம் லாரிக்கு இருப்பதைப்போலப் பட்டை! டிஎஸ்ஸைத் தோற்கடித்தது அதன் சஸ்பென்ஷன் இல்லை என்பது உண்மை. ஆனால் பத்தாயிரம் மைல் போகும் சாலைப் பந்தயத்தில் சாதாரண ஸ்பிரிங் கொண்ட சாதாரணக் கார் கடைசிவரை தாக்குப்பிடித்தது என்பதும் உண்மை.

பந்தயத்தடம் எதைத் தேர்ந்தெடுத்தது?

1959ல் ஜாக் பிரபாம் ஃபார்முலா 1 உலகப்பட்டம் வென்ற கூப்பர் காருக்குப் பின்னால் குறுக்காகப் போட்ட பட்டை ஸ்பிரிங்தான். அடுத்த வருடக் கூப்பரில் பட்டை போய்க் காயில் வந்தது. பிரபாம் மறுபடியும் வென்றார். அதன்பின் பந்தயக் கார்களில் நீண்ட காலம் காயில் ஓவர் ராஜ்ஜியம். கோவையின் கரிவரதன் 1980களின் கடைசியில் மாருதி எஞ்சினை வைத்து உருவாக்கிய ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்கள்தான் நரேன் கார்த்திகேயன் போன்றவர்களுக்கு ஆரம்பப் பள்ளி. அவையும் அந்தப் பரம்பரையில் வந்தவையே.

காரணம் மறுபடியும் அதே பாரக் கணக்குதான். ஹெரால்ட் சுமார் 800 கிலோ. மாமா மட்டும் ஏறினால் 870. நான்கு பேர் ஏறினால் 1,080 என்று வையுங்கள். எடை 1.24 மடங்கு. ஆடும் வேகத்தில் வித்தியாசம் பத்து, பதினொரு சதவீதம்தான். லாரிக்கு அறுபது சதவீதம், ஹெரால்டுக்குப் பதினொன்று. காற்று எந்த நோய்க்கு மருந்தோ அந்த நோயே நம் வண்டிக்கு இல்லை!

பந்தயக்காரனுக்கு வேண்டியது வேறு. இன்றைக்கு வளைவில் வண்டி எப்படிச் சாய்ந்ததோ நாளைக்கும் அப்படியே சாயவேண்டும். வெயில், குளிர், கசிவு எதுவும் அதை மாற்றக்கூடாது. இரும்புக் கம்பி அந்த வாக்கைக் காப்பாற்றும். 1980, 90களில் ஃபார்முலா 1லும் கணினி வைத்து உயரத்தைக் கட்டுப்படுத்திப் பார்த்தார்கள். 1987ல் லோட்டஸில் அயர்டன் சென்னா இரண்டு பந்தயம் வென்றார். 1992ல் வில்லியம்ஸில் நைஜல் மான்செல் உலகப்பட்டமே வென்றார். 1994லிருந்து தடை செய்துவிட்டார்கள். அது காசும் ஆட்களும் கொட்டிக்கிடக்கும் இடத்தின் கதை. மேட்டூர் கொட்டகையில் ஒரு மாமா, ஒரு மெக்கானிக், ஒரு வரலாற்று மாணவன், அவ்வளவுதான் ஆள்பலம்.

ஹெரால்டின் பின்பக்க ரகசியம்

இதுவரை சொன்னதை வைத்தே மாமா ஜெயித்துவிட்டார் என்று நினைத்தால், கொஞ்சம் பொறுங்கள். ஹெரால்டின் முன்பக்கம்தான் காயில் ஓவர். பின்பக்கம் வேறு உலகம்.

பின்னால் குறுக்காக ஒரு பட்டை ஸ்பிரிங். அதன் இரு முனையிலும் சக்கரம். அச்சு இரண்டு பாதிகளாக நடுவில் மட்டும் மடங்கும். இதற்கு ஸ்விங் ஆக்சில் என்று பெயர். வண்டி மேலே எழும்பினால் சக்கரங்களின் அடிப்பகுதி உள்ளே மடங்கும், கோழி காலைத் தூக்கும்போது விரலை மடக்குமே, அதுபோல. வேகமாக வளைவில் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் எழும்பி, வெளிச் சக்கரம் உள்ளே மடங்கி, வண்டி சுழன்றுவிடும் ஆபத்து உண்டு. நம்ம ஊர் ஓட்டுநர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் இந்த அச்சு பிடிக்கவில்லை. அதனால்தான் 1972ல் வந்த ஸ்டாண்டர்ட் கசெல் காரில் அதை எடுத்துவிட்டு ஒரே துண்டான சாதாரண அச்சைப் போட்டார்கள். இங்கிலாந்திலோ டிரையம்ப் 1970ல் ஸ்பிட்ஃபயர் நான்காம் மார்க் காரில் பட்டையை நடுவில் கொஞ்சம் அசையவிட்டு இந்தக் குணத்தை அடக்கியது.

இப்போது யோசியுங்கள். இந்தப் பின்பக்கத்தில் காற்றுப் பையை வைத்து, பட்டனை அழுத்தி 5 சென்டிமீட்டர் உயர்த்தினால்? பாதி அச்சின் நீளம் 55 சென்டிமீட்டர் என்று வைத்தால் சக்கரம் சுமார் 5 டிகிரி சாயும். ஏர் சஸ்பென்ஷனின் பெரிய கவர்ச்சியே உயரத்தை ஏற்றி இறக்குவதுதான். அதுவேதான் இந்த வண்டியில் சக்கரத்தின் கோணத்தைக் கெடுக்கும். வேகத்தடைக்காக உயர்த்தியதை இறக்க மறந்து தொப்பூர் இறக்கத்தில் போனால் என்ன ஆகும் என்று நினைத்தேன். அந்த இடத்தில் லாரிகளே எத்தனை முறை கவிழ்ந்திருக்கின்றன என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். விளையாட்டாக ஆரம்பித்த விசாரணை அன்றைக்குத்தான் எனக்கு விளையாட்டாக இல்லாமல் போனது.

காயில் ஓவர்காரர்களும் துள்ளவேண்டாம். விறைப்பான ஸ்பிரிங் போட்டால் பந்தயக் கார் ஆகிவிடும் என்பது பெரிய மூடநம்பிக்கை. நம் சாலையில் விறைப்பான வண்டியின் சக்கரம் பாதி நேரம் அந்தரத்தில் இருக்கும். தரையைத் தொடாத சக்கரத்துக்கு என்ன பிடிப்பு? இன்னொன்று, ஷாக்கை மட்டும் தாங்குவதற்காகக் கட்டிய தாங்கியில் காயில் ஓவர் மாட்டி வண்டியின் முழுப் பாரத்தையும் ஏற்றினால் தாங்கி கிழியும். ஹெரால்டின் முன்பக்கம் அதற்கென்றே கட்டியது, பிழைத்தோம். வேறு பழைய காரில் இதைச் செய்யும் முன் அடியில் படுத்துப் பார்க்கவேண்டும்.

சட்டமும் ஒரு ஸ்பிரிங்தான்

வீட்டில் யாரும் யோசிக்காத விஷயம் இது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, பதிவுச் சான்றிதழில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. அதைவிட முக்கியம், 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த கார், பைக்குகளுக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு வாங்கலாம். நிபந்தனை என்ன தெரியுமா? சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. காற்றுப் பைக்கு இடம் வேண்டி சேஸிஸை வெட்டி வெல்டிங் வைத்தால், தாத்தாவின் கார் அந்தத் தகுதியை இழக்கக்கூடும். ஸ்பிரிங்கை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். வெட்டிய சேஸிஸ் ஒட்டினாலும் பழசு ஆகாது.

டைனமோ காலத்து வண்டி வேறு. ஹெட்லைட் போட்டு ஹாரன் அடித்தாலே ஆம்பியர் மீட்டர் முள் படுத்துக்கொள்ளும். அதன் தலையில் கம்ப்ரசரையும் ஏற்றுவதா?

கடைசியில் என்ன செய்தோம்?

முன்னால் பழைய காயிலைக் கழற்றி, அதே அளவு, அதே விறைப்பில் புதிது செய்யக் கொடுத்தோம். ஷாக் மட்டும் புதுசு. பின்பட்டை அறுபது வருடத்தில் தொய்ந்திருந்தது. பட்டறையில் பிரித்து, வளைவைச் சரிசெய்து, கொஞ்சம் தாழ்வாகவே வைத்துக் கட்டினார்கள். தாழ்ந்தால் சக்கரம் மேல்பக்கமாக உள்ளே சாயும், மடங்கும் ஆபத்து குறையும். காற்று கிடையாது, திருகும் வளையமும் கிடையாது. அதாவது காயில் ஓவர் ஜெயித்தது, ஆனால் கடையில் விற்கும் காயில் ஓவர் இல்லை. 1959லேயே அந்த வண்டிக்கென்று யோசித்து வைத்த காயில் ஓவர்.

இதில் எனக்கு ஒரு சின்னப் பெருமையும் உண்டு. மேட்டூரிலிருந்து சேலம் போகும் வழியில் மேச்சேரி பக்கம் பொட்டனேரியில் இருக்கும் எஃகு ஆலையில் வாகனங்களுக்கான சிறப்பு எஃகு வகைகள் தயாராகின்றன, ஸ்பிரிங் எஃகு உட்பட. நாம் தினமும் கடந்துபோகும் அந்தப் புகைபோக்கியின் அடியில் யாருடைய காரின் வில்லோ உருகிக்கொண்டிருக்கிறது.

மாமா பையனுக்கு ஒரே ஒரு நியாயமான கேள்வி மிச்சம் இருந்தது. "ஆயா எப்படிப்பா ஏறும்?" ஆயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, முழங்கால் வலி. ஹெரால்டின் இருக்கை தரையோடு ஒட்டியிருக்கும். உட்காருவதும் கஷ்டம், எழுந்திருப்பது அதைவிடக் கஷ்டம். அவன் ஏர் சஸ்பென்ஷன் கேட்டதன் உண்மையான காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது. பந்தா இல்லை, பாட்டி! எல்லோரும் அமைதியாகிவிட்டோம்.

வழி சொன்னதும் ஆயாதான். தாத்தா இருந்தபோது டிக்கியில் எப்போதும் ஒரு மணைப்பலகை இருக்குமாம். ஏறும்போது அதைக் கதவுக்குக் கீழே போடுவாராம். அதன்மேல் கால் வைத்து, திரும்பி உட்கார்ந்து, பிறகு காலை உள்ளே எடுத்துக்கொள்வதாம். இறங்கும்போதும் அதேதான். "நீங்க எல்லாம் அந்தப் பலகையைத் தூக்கிக் கோழிக்கூண்டுக்குக் கதவா வெச்சுட்டீங்க" என்று திட்டினார்.

போன வாரம் முதல் ஓட்டம். பதினாறு கண் பாலம் வரை போய்த் திரும்பினோம். வேகம் நாற்பதுக்கு மேல் போகவில்லை. முன்சீட்டில் ஆயா, பின்னால் நானும் மாமா பையனும் முழங்காலைக் கட்டிக்கொண்டு. வேகத்தடை வரும்போதெல்லாம் மாமா வண்டியைக் கிட்டத்தட்ட நிறுத்தியே விட்டார். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு அடுத்த மாதம். கொல்லிமலையின் 70 வளைவுகளைப் பற்றி மாமா இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார். அதற்கு முன் பின்சக்கரத்தின் கோணத்தை இன்னொரு தடவை அளக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். கோழிக்கூண்டுக்குப் புதுக் கதவு செய்வது மாமா பையன் பொறுப்பு.